புரோத்தன் கற்றையின் டோஸை அளப்பது: உவர்மலை விறாந்தையில் இருந்து தொடங்கலாம்

புற்றுநோய்க் கட்டிக்குப் புரோத்தன் கற்றையைப் பாய்ச்சும் சிகிச்சை மெசின் எங்கட ஊரான திருகோணமலையில் இல்லை. இலங்கையிலேயே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையில் ஒன்று இருக்கிறது. 2019 இல் தொடங்கியது. "பிறகு ஏன் மிஸ் நாங்கள் இதைப் படிக்க வேணும்?" என்று உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு ஒரு பிள்ளை கேட்டாள். பௌதிகவியல் படித்து முடித்தவள். மருத்துவப் பௌதிகவியலுக்குப் போக ஆசைப்படுகிறவள்.

நான் இந்த மெசின்களுக்குப் பக்கத்தில் நின்று பதினொரு வருடம் வேலை செய்தவள். டோஸ் அளவீட்டில் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை புரோத்தனால் வந்தவை அல்ல. வெப்பமானியால், பாரமானியால், அடிமட்டத்தைச் சரியாகப் பிடிக்காததால் வந்தவை. அவற்றைப் பழக மெசின் தேவையில்லை. ஒரு தண்ணீர்த் தொட்டியும் இரண்டு வெப்பமானியும் ஒரு கொப்பியும் இருந்தால் திருகோணமலையிலேயே பழகலாம். அந்தப் பிள்ளைக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்ததைத்தான் எழுதுகிறேன். மெசின் உள்ள இடத்துக்குப் போகும்போது கை பழகியிருக்க வேண்டும் என்பதற்காக.

எதை அளக்கிறோம்

ஒரு கிலோகிராம் தண்ணீர் ஒரு யூல் சக்தியை உறிஞ்சினால் அது ஒரு கிரே. உடம்பு பெரும்பாலும் தண்ணீர் என்பதால் தண்ணீரில் அளக்கிறோம். ஒரு கிரே எவ்வளவு சின்னது தெரியுமா? தண்ணீரின் வெப்பநிலையை 0.00024 பாகை மட்டும் ஏற்றும். அந்த ஏற்றத்தை நேரே அளக்கும் கலோரிமானிகள் சில தேசிய ஆய்வுகூடங்களில் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் நாங்கள் அயனாக்க அறையைப் பயன்படுத்துகிறோம்: கதிர் பட்டால் மின்னேற்றம் உண்டாகும் சின்னக் காற்றுக் குழி அது. வேலை செய்கிற இடத்தில் எல்லாரும் 'சேம்பர்' என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

புரோத்தனின் குணம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டி வீதியில் வேகமாகப் போகிற பஸ்ஸில் ஒருவரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. பஸ் ஸ்ராண்டை நெருங்கி ஊரத் தொடங்கினால்தான் சனம் ஏறி இறங்கும். புரோத்தனும் வேகமாகப் போகும்போது வழியில் கொஞ்சமாகத்தான் சக்தியைக் கொடுக்கும். மெதுவாக மெதுவாகக் கூடக் கொடுக்கும். நிற்கிற இடத்துக்குச் சற்று முன்னால் அள்ளிக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதுதான் பிராக் உச்சி. தண்ணீரில் 70 மில்லியன் இலத்திரன்வோல்ற்று சக்தியுள்ள புரோத்தன் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் போகும், 150 என்றால் ஏறக்குறைய 16, 230 என்றால் ஏறக்குறைய 33. ஒரு சக்தியின் உச்சி மெல்லியது; கட்டி தடித்தது. அதனால் பல சக்திகளை அடுக்கி உச்சியை அகலமாக்குகிறோம். அந்த விரித்த உச்சியின் நடுப்பகுதி சமதரை. சேம்பரை அங்கே வைப்பதுதான் நெடுநாள் வழக்கம். சமதரையில் ஒரு மில்லிமீற்றர் தவறினாலும் டோஸ் அசையாது. உச்சி முடிந்து விழுகிற சரிவிலோ ஒரு மில்லிமீற்றரே பல சதவீதம்.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதியவர்கள் இதில் தடுக்கி விழுவார்கள். சிகிச்சைத் திட்டத்தில் எழுதியிருக்கும் கிரே, உயிரியல் விளைவுக்காக 1.1 ஆல் பெருக்கிய கிரே. சேம்பருக்கு உயிரியல் தெரியாது. திட்டத்தில் 2.2 என்று இருந்தால் தொட்டியில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது 2.0. இதை மறந்தால் பத்து சதவீதப் பிழை. கணக்குத் தாளின் முதல் வரியில் 'பௌதிக டோஸா, உயிரியல் நிறையிட்டதா' என்று எழுதாமல் நான் அளக்கத் தொடங்குவதே இல்லை.

சேம்பரும் அதன் சான்றிதழும்

ஃபாமர் வகை உருளைச் சேம்பரின் உள்ளே 0.6 கன சென்ரிமீற்றர் காற்று இருக்கும். நிறை ஒரு மில்லிகிராம்கூட வராது. அந்தக் காற்றில் கதிர் பட்டு உண்டாகும் மின்னேற்றத்தை எலெக்ற்றோமீற்றர் சேர்த்துக் காட்டும்: ஒரு கிரேக்கு ஏறக்குறைய 19 நனோகூலோம்.

நனோகூலோமைக் கிரேயாக்கும் எண் சேம்பரோடு வரும் சான்றிதழில் இருக்கிறது. அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் ஒரு சங்கிலி. பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற இடத்தில் உள்ள சர்வதேச எடை அளவைப் பணியகத்தில் தேசிய முதன்மை ஆய்வுகூடங்கள் தங்கள் அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. அவற்றில் இருந்து இரண்டாம் நிலை ஆய்வுகூடங்கள் எடுக்கின்றன. இரண்டாம் நிலையினரில் இருந்து ஆஸ்பத்திரிச் சேம்பர். அந்தக் கடைசி ஒப்பீடு பெரும்பாலும் கோபால்ற்று-60 கதிரில் நடக்கும், புரோத்தனில் அல்ல. அதனால் இன்னொரு எண் வேண்டும்: கற்றைத் தரத் திருத்தம். கோபால்ற்றில் பெற்ற எண்ணைப் புரோத்தனுக்கு மாற்றுவது அதுதான்.

அந்தத் திருத்தத்தின் அட்டவணை சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் டி.ஆர்.எஸ்.-398 நெறிக்கோவையில் உண்டு. முதற்பதிப்பு 2000 இல் வந்தது. திருத்திய பதிப்பு 2024 இல். இரண்டிலும் எண்கள் ஒன்றல்ல. ஒரு பதிப்பின் முறையையும் மற்றப் பதிப்பின் அட்டவணையையும் கலக்காதீர்கள். அட்டவணைக்குள் போகும் திறப்பு, எச்ச வீச்சு: சேம்பர் இருக்கும் ஆழத்தில் இருந்து புரோத்தன் இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்பது. டோஸ் உச்சியின் பத்து சதவீதத்துக்கு விழும் ஆழத்தை எடுத்து, சேம்பரின் ஆழத்தைக் கழித்தால் வரும். அது 0.5 சென்ரிமீற்றருக்குக் கீழே என்றால் உருளைச் சேம்பரை விட்டுவிட்டுத் தட்டைச் சேம்பர் எடுக்க வேண்டும்.

வெப்பநிலை

சேம்பருக்குள் இருக்கும் காற்று வெளிக் காற்றோடு தொடுத்தது. சூடானால் விரிந்து வெளியே போய்விடும். உள்ளே மிஞ்சும் காற்று குறையும். அளவு குறைத்துக் காட்டும். ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.34 சதவீதம். இதைத் திருத்த 273.2 உடன் வெப்பநிலையைக் கூட்டி, சான்றிதழின் நியம வெப்பநிலைக்கும் அப்படியே கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். நியம வெப்பநிலை பொதுவாக 20 பாகை. அமெரிக்கச் சான்றிதழ் என்றால் 22. முதலில் அதைப் பாருங்கள்.

எந்த வெப்பநிலை? நான் பிழை விட்டது இங்கேதான்.

முதல் வருடம். ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு சனிக்கிழமை காலை. தொட்டிக்குக் குழாயில் இருந்து தண்ணீர் நிரப்பி, அரை மணித்தியாலத்தில் சேம்பரை இறக்கிவிட்டேன். சுவரில் தொங்கிய வெப்பமானி 21.4 என்றது, அதையே எழுதினேன். அடுத்த நாள் எனக்கு மேலதிகாரியாக இருந்த அம்மா வந்து திரும்ப அளந்தார். எனக்கு வந்த டோஸ் அவருக்கு வந்ததைவிட 1.6 சதவீதம் குறைவு. அவர் ஒன்றும் பேசாமல் அதே குழாயில் ஒரு வாளி பிடித்து வெப்பமானியை உள்ளே விட்டார்: 26.3. என் அளவை நம்பி மெசினைத் திருத்தியிருந்தால், திங்கட்கிழமையில் இருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் 1.6 சதவீதம் கூடப் போயிருக்கும். அந்த வாரப் பட்டியலில் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்களை இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு என் முறை இதுதான். முதல் நாள் மாலையே தொட்டியை நிரப்பி அளக்கும் அறையிலேயே விட்டுவிடுவேன். முப்பது சென்ரிமீற்றர் சதுரத் தொட்டி 27 லீற்றர் பிடிக்கும். அவ்வளவு தண்ணீர் அறையோடு சமப்பட ஓர் இரவு வேண்டும். அப்போதும் அறை வெப்பநிலையும் தண்ணீர் வெப்பநிலையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? ஆவியாவதால். திறந்த தொட்டியும் அப்படித்தான், அறைக் காற்றைவிடச் சற்றுக் குளிர்ந்தே நிற்கும். வெப்பமானியைத் தண்ணீருக்குள், சேம்பர் இருக்கும் ஆழத்துக்கு இறக்குங்கள். சேம்பரை இறக்கிய பின் பத்து நிமிடமாவது விடுங்கள்.

இதைப் பழகப் பிள்ளைகளைக் கன்னியாவுக்குக் கூட்டிப்போனேன். ஏழு கிணறும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒவ்வொன்றின் சூடும் வேறு. முதலில் கையை விட்டு எது சூடு கூட என்று எழுதச் சொன்னேன். பிறகு இரண்டு வெப்பமானி கொடுத்தேன்: ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் பார்க்கக் கூடாது, சொல்லவும் கூடாது. குளிக்க வந்தவர்கள் எங்களை வினோதமாகப் பார்த்தார்கள். கை எழுதிய வரிசை மூன்று இடத்தில் பிழை. அது எதிர்பார்த்தது. எதிர்பாராதது, இரண்டு வெப்பமானியும் எல்லாக் கிணற்றிலும் ஏறக்குறைய 0.7 பாகை வித்தியாசமாகக் காட்டியது. "எது மிஸ் சரி?"

வீட்டுக்கு வந்து சுத்தமான தண்ணீரில் உறைய வைத்த ஐஸை நொறுக்கி, ஃபிளாஸ்க்கில் போட்டு, குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் விட்டு, இரண்டையும் அதற்குள் வைத்தோம். உருகும் ஐஸ் 0 பாகை; அதோடு ஒருவரும் வாதாட முடியாது. ஒன்று 0.1 இல் நின்றது, மற்றது 0.8 இல். (மீன் சந்தை ஐஸ் வேண்டாம். உப்புப் பட்டிருந்தால் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும்.) 0.8 காட்டியதில் ஒரு தாளை ஒட்டி, திகதியையும் '0.8 கழிக்க' என்பதையும் எழுதினோம். அளவுத்திருத்தம் என்றால் இதுதான். சேம்பருக்கு கோபால்ற்று, வெப்பமானிக்கு ஐஸ்.

அமுக்கம்

அமுக்கம் ஒரு கிலோபாஸ்கல் குறைந்தால் அளவு ஒரு சதவீதம் குறையும். நியமம் 101.325.

கைபேசியில் வானிலைச் செயலியைத் திறந்து அமுக்கத்தை எடுக்காதீர்கள். அது கடல் மட்டத்துக்கு மாற்றி எழுதிய எண். திருகோணமலையில் இருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, நாங்கள் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அதே பழக்கத்தோடு 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் அளந்தால் உண்மை அமுக்கம் ஏறக்குறைய 81 கிலோபாஸ்கல். பிழை இருபது சதவீதத்தைத் தாண்டும். வேண்டியது சேம்பர் இருக்கும் அறையின் அமுக்கம், கடல் மட்டத்தினது அல்ல.

சில கைபேசிகளுக்குள் சின்னப் பாரமானியே இருக்கிறது. பழக அது போதும். டச்பே கடற்கரையில் ஒரு தரம் வாசியுங்கள். கோட்டை வாசலால் மான்களைக் கடந்து கோணேசர் கோயிலடிக்கு ஏறி இன்னொரு தரம் வாசியுங்கள். பத்து மீற்றருக்கு ஏறக்குறைய 0.12 கிலோபாஸ்கல் குறையும். மலையின் உயரத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

இன்னொரு பாடத்துக்கு ஏறவே தேவையில்லை. ஒரே இடத்தில் காலை பத்து மணிக்கும் பின்னேரம் நான்கு மணிக்கும் வாசியுங்கள். எங்கள் வெப்பவலயத்தில் வளிமண்டலத்துக்கும் வற்றுப்பெருக்கு உண்டு: பத்து மணியளவில் உச்சம், நான்கு மணியளவில் தாழ்வு, இடையே 0.3 கிலோபாஸ்கல் வரை. காலையில் வாசித்து எழுதிவிட்டுப் பின்னேரம் அளந்தால் 0.3 சதவீதம் கைவிட்டுப் போகும். அதனால் ஒவ்வொரு தொகுதி அளவுக்கு முன்னும் பின்னும் பாரமானியைப் பார்க்கிறேன்.

ஈரப்பதன் 20 இல் இருந்து 80 சதவீதத்துக்குள் என்றால் தனித் திருத்தம் தேவையில்லை. ஆனால் கடற்கரை ஊர்க்காரர் ஒன்று கவனிக்க வேண்டும்: ஈரம் இணைப்பு முனைகளுக்குள் போனால் மின்னோட்டம் கசியும். கச்சான் காற்று மாதங்களில் இந்தத் தொல்லை குறைவு, வாடைக் காற்றில் அதிகம். கற்றையை நிறுத்திவிட்டு எலெக்ற்றோமீற்றரைப் பாருங்கள். அளவின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் கூடக் கசிந்தால் இணைப்பைக் கழற்றி உலர்த்துங்கள்.

தொட்டியில் வைப்பது

கற்றை பக்கவாட்டில் வந்தால் தொட்டியின் பிளாஸ்ரிக் சுவரையும் கடந்துதான் தண்ணீருக்கு வரும். 5 மில்லிமீற்றர் அக்ரிலிக் சுவர் புரோத்தனுக்கு ஏறக்குறைய 5.8 மில்லிமீற்றர் தண்ணீர் போன்றது. அதையும் ஆழத்தில் சேருங்கள். கற்றை மேலிருந்து வந்தால் தண்ணீர் மட்டத்தில் இருந்து அளக்க வேண்டும். குளிரூட்டிய அறையில் இரவில் மட்டம் இறங்கியிருக்கும், காலையில் திரும்பப் பாருங்கள். உருளைச் சேம்பரில் குழியின் நடு, தட்டைச் சேம்பரில் முன் யன்னலின் உட்பக்கம், இவைதான் அந்த ஆழத்தில் நிற்க வேண்டிய புள்ளிகள். கதிர் படும் பரப்பு 10க்கு 10 சென்ரிமீற்றர்.

மின்னழுத்தத்தைக் கொடுத்து இருபது நிமிடம் விட்டுவிட்டு, முதலில் சில கிரே வீணாகக் கொடுத்துச் சேம்பரைப் பழக்குங்கள். மூன்று அளவு அடுத்தடுத்து ஒத்து வந்த பிறகுதான் எழுதுவது.

துருவத் திருத்தத்துக்கு மின்னழுத்தத்தின் நேர் எதிரை மாற்றி இரண்டின் சராசரியை வழக்கமாகப் பயன்படுத்தும் துருவத்தின் அளவால் வகுத்தால் போதும். மீள்சேர்க்கை கொஞ்சம் யோசிக்க வேண்டியது. பிரிந்த அயன்கள் முனைக்குப் போய்ச் சேர முன் திரும்பச் சேர்ந்தால் எண்ணிக்கையில் விடுபடும். 400 வோல்ற்றிலும் 100 வோல்ற்றிலும் அளந்து கணக்கிடுகிறோம். சைக்ளோத்திரன் என்ற முடுக்கியில் இருந்து வருவது தொடர்கற்றை போல. சிங்கிரோசைக்ளோத்திரன் துடிப்பாக விடும். இரண்டுக்கும் சமன்பாடு வேறு. உங்கள் மெசின் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

ஒரு கணக்கு

பிள்ளைகளுக்குப் பழகக் கொடுத்த எண்கள் இவை. எதிர்பார்க்கும் பௌதிக டோஸ் 2.00 கிரே. எலெக்ற்றோமீற்றர் 36.42 நனோகூலோம். தண்ணீர் 22.6 பாகை, அமுக்கம் 100.62.

வெப்பநிலைப் பங்கு 295.8 ஐ 293.2 ஆல் வகுக்க 1.0089. அமுக்கப் பங்கு 101.325 ஐ 100.62 ஆல் வகுக்க 1.0070. இரண்டும் சேர்ந்து 1.0159. துருவத்தை மாற்றியபோது 36.49 வந்தது; சராசரி 36.455, அதை 36.42 ஆல் வகுக்க 1.001. நூறு வோல்ற்றில் 35.36 வந்தது, விகிதம் 1.030. தொடர்கற்றைக்கு, மின்னழுத்த விகிதம் 4 இன் வர்க்கம் 16. 15 ஐ 14.97 ஆல் வகுக்க 1.002. எல்லாவற்றையும் பெருக்கினால் திருத்திய ஏற்றம் 37.11 நனோகூலோம். சான்றிதழ் எண் நனோகூலோமுக்கு 0.0530 கிரே, கற்றைத் தரத் திருத்தம் 1.028 என்று வைப்போம் (உங்கள் சேம்பருக்கு உரியதை அட்டவணையில் பாருங்கள்). விடை 2.02 கிரே. எதிர்பார்த்ததைவிட 1.1 சதவீதம் கூட.

வெப்பநிலையும் அமுக்கமும் மட்டும் 1.6 சதவீதம் நகர்த்தின. துருவமும் மீள்சேர்க்கையும் சேர்ந்தே 0.3 தான். விறாந்தையில் ஐஸோடு மினக்கெட்டதன் காரணம் கணக்கிலேயே தெரிகிறது.

இந்த 2.02 ஐக் கையில் வைத்துக்கொண்டு உடனே மெசினின் மொனிற்றர் யூனிற்றை (மெசின் தான் கொடுக்கும் டோஸை எண்ணும் அலகை) திருத்தப் போகாதீர்கள். அமெரிக்க மருத்துவப் பௌதிகவியலாளர் சங்கத்தின் 2019 அறிக்கை தினசரிச் சோதனைக்கு டோஸில் 3 சதவீதமும் வீச்சில் 1 மில்லிமீற்றரும் எல்லையாக வைக்கிறது. அது காலையில் நோயாளியை ஏற்றலாமா என்று கேட்பதற்கு. நியம அளவீட்டில் நாங்கள் தேடுவது அதைவிட நுணுக்கம். ஆனால் 2000 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி உருளைச் சேம்பரில் முழு முறையின் நிச்சயமின்மையே ஏறக்குறைய 2 சதவீதம். 1.1 சதவீதம் மெசினுடையதா, என் கையுடையதா என்று ஒரே அளவீட்டால் சொல்ல முடியாது.

அதனால் தாளில் நேரம், தண்ணீர் வெப்பநிலை, அமுக்கம், சேம்பர் இலக்கம், வெப்பமானி இலக்கம் எல்லாம் எழுதி மடித்து வைத்துவிடுவேன். அடுத்த நாள் இன்னொருவர் இன்னொரு சேம்பரோடு, தானே தொட்டியை நிரப்பி, தானே ஆழத்தை வைத்து முதலில் இருந்து அளப்பார். என் தாளை அவருக்குக் காட்டமாட்டேன். அவர் முடித்து வந்த பிறகு இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் விரிப்போம். இரண்டும் அரைச் சதவீதத்துக்குள் ஒத்தால் இருவரும் கையெழுத்து வைத்துவிட்டுத் திருத்துவதைப் பற்றிப் பேசத் தொடங்குவோம். ஒத்து வராவிட்டால் இருவருமாகத் தொட்டியடிக்குப் போவோம், முதலில் எடுப்பது வெப்பமானி.